ஞாயிறு மழையைப் பாதியாக்கியவள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் செய்த முதல் காரியம், நேற்றைய மழையை ரோஜாச் செடிக்கு ஊற்றியது.

ஆபீசுக்கு முன்னால் புல்தரையில் ஒரு தகர உருளை பாதி புதைந்து நின்றது. மேலே புனல், உள்ளே ஒரு போத்தல். போத்தலில் தண்ணீர் இருந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டார்கள், நுளம்பு முட்டையிடும் என்று நினைத்து எடுத்து ஊற்றினேன். ஆபீஸ் வாச்சர் சவரிமுத்து கையில் ஒரு கண்ணாடி கிளாஸோடு ஓடி வந்தார்.

"ஐயோ மிஸ், அது நேத்து மழ!"

"நேத்து மழய எதுக்குங்க போத்தல்ல வச்சிருக்கீங்க?"

"அளக்கத்தான் மிஸ். காலையில எட்டரைக்கு அளந்து பொஸ்தகத்துல எழுதணும். இனிமே நீங்கதான் எழுதணும்."

அப்படியானால் இன்றைக்கு என்ன எழுதுவது என்று அவரையே கேட்டேன். அவர் ரோஜாச் செடியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ஒரு ஒம்போது போடுங்க" என்றார். ஒன்பது மில்லிமீட்டர் என்று எழுதினேன். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் அந்தத் தேயிலைத் தோட்டத்து மழைப் புத்தகத்தை எழுதினேன். என் முதல் பதிவே ஊகம்தான். இளைய கிளார்க்குகள் படிப்பார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கே இன்னும் வேலை செய்கிறவர்கள் போன் எடுத்து ஏசுவார்கள். பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பஸ் வந்தால்.

என்னை எல்லோரும் கிளாக்கரம்மா என்றார்கள். தோட்டத்தில் கிளாக்கரம்மா என்றால் கிளாக்கருடைய மனைவி என்று அர்த்தம். ஒரு பெண்ணே கிளாக்கராக வருவாள் என்று யாரும் எதிர்பார்க்காததால் அதற்கு வேறு சொல் வைத்திருக்கவில்லை. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். அவரைச் சில பேர் கிளாக்கரய்யா என்றார்கள். அவரும் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கும் கொஞ்சம் மழை

மழை அளப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காலை எட்டரைக்குப் போத்தலை எடுத்து, கோடு போட்ட கிளாஸில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரைக்கும் பெய்தது அது. கிளாஸ் ஒரு தடவைக்கு இருபத்தைந்து பிடிக்கும். அதற்கு மேல் பெய்திருந்தால் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இல்லை. சவரிமுத்துவும் நானும் ஒரே மாதா கோயிலில் பூசைக்கு நிற்போம். அதனால் திங்கள் காலையில் போத்தலில் இருப்பது இரண்டு நாள் மழை. அதை அப்படியே திங்களில் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் போனது. பிறகு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பெய்வதே இல்லையா, ஆம் எனில் காரணம் தரவும் என்று கேட்டிருந்தார்கள்.

அப்போது தோட்டத்து மேனேஜராக இருந்த பெரிய துரை கடிதத்தை என் மேசையில் போட்டார். "மிஸ், இதுக்கு ஏதாவது செய்யுங்க. ஞாயித்துக்கெழமயும் கொஞ்சம் மழ போடுங்க."

போட்டேன். திங்கள் காலை கிடைப்பதை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஞாயிறுக்கும் ஒரு பங்கைத் திங்களுக்கும் எழுதினேன். சரிபாதியாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு பக்கம் ஒன்றிரண்டு கூட்டி மறு பக்கம் குறைப்பேன். இது துரை சொன்னது இல்லை, என் சொந்த மூளை. தீபாவளி, நத்தார் என்று லீவு சேர்ந்து வந்தால் மூன்று நாளுக்கும் பங்கு வைப்பேன். எந்த நாளும் கோபித்துக்கொள்ளாதபடி கொடுப்பேன். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

மாதக் கூட்டுத்தொகை ஒரு மில்லிமீட்டர் பிசகியதில்லை. அதனால் நான் பொய் எழுதுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சேர்ந்த மழையைத்தானே பிரித்தேன், இல்லாத மழையை எழுதவில்லையே என்று இருந்தேன். கை அதற்குப் பழகிவிட்டது. திங்கட்கிழமை பேனா தானாகவே இரண்டு கட்டத்தில் எழுதும்.

சுவரில் ஒட்டிய தாள்

காலநிலை மாற்றம் என்ற சொல் எங்கள் ஆபீசுக்கு ஒரு சர்க்குலரில் வந்து சேர்ந்தது. வந்த நாளிலிருந்து அதற்கு ஓய்வில்லை. கொழுந்து குறைந்தால் காலநிலை மாற்றம், லொறி பிந்தினால் காலநிலை மாற்றம். ஒரு ஃபீல்ட் ஒஃபிசர் மூன்று நாள் லீவு எடுத்துவிட்டு வந்து, காரணம் எழுதும் கட்டத்தில் அதையே எழுதினார். கேட்டால் சளி, தடிமனாம்.

விளையாட்டுக்குச் சொன்னாலும் ஏதோ மாறியிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும். அந்த நேரம் வானம் காய்ந்து கிடக்க வேண்டும். சில வருஷம் நடுவிலே மழை கொட்டியது. ஐப்பசி கார்த்திகையில் நாள்கணக்கில் நசநசவென்று தூறுகிற மழை, பத்து நாள் முகம் காட்டாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் மொத்தமாக இறங்கியது. வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிற சனம் முன்ன மாதிரி மழையில்லை என்றார்கள். நான் புத்தகத்தைக் காட்டி, அப்படி ஒன்றும் இல்லை, வருஷக் கூட்டு ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது என்பேன். எழுதியவளுக்கு ஒரு பெருமை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம் மண்சரிவு அபாயம் பார்க்க ஒரு இளம் அதிகாரி வந்தார். வெலிமடைக்காரர். ரமேஷ் என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மலையை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, சேற்றுக் காலோடு ஆபீசில் வந்து உட்கார்ந்தார். மழைப் புத்தகங்களைப் பார்த்ததும் அவருக்குக் களைப்பே போய்விட்டது.

"இது பெரிய சொத்து மிஸ். இன்னைக்கு மழ பெய்யுது, நாளைக்கு வெயில் அடிக்குது, அது வானிலை. இந்த மாதிரி முப்பது வருசம் எழுதி வச்சுப் பாத்தாத்தான் காலநிலை என்னான்னே தெரியும்."

"பாத்துட்டேன் தம்பி. கூட்டு ஒண்ணும் பெருசா மாறல" என்றேன்.

"கூட்டு மாறாம இருக்கலாம் மிஸ். பெய்யுற நாளு மாறியிருக்கும். பேச்சுக்குச் சொல்றேன், முன்ன இருவது நாள்ல பெஞ்சத இப்ப நாலஞ்சு நாள்ல பெஞ்சிடுது. மலைக்கு அதான் வினை. மாச மழயா கொஞ்சங் கொஞ்சமா குடுத்தா மண்ணு குடிச்சிரும். ஒரேடியா ஊத்தினா அது என்ன செய்யும்?"

ஏன் அப்படி ஊற்றுகிறது என்று கேட்டேன். எண்ணெயும் நிலக்கரியும் எரித்து எரித்து வருகிற வாயு பூமியைச் சுற்றிச் சேர்கிறது, சூட்டை வெளியே போக விடுவதில்லை என்றார். "ஒரு கம்பளி போதும்ங்கிற எடத்துல மூணு கம்பளி போத்தின மாதிரி மிஸ். காத்து சூடாச்சுன்னா தண்ணியக் கூடுதலாத் தூக்கும். பெரிய கொடத்துல மொண்டா, கவுக்கிறப்பவும் அதிகமாத்தானே கொட்டும்?"

எனக்குப் புரிந்தது. இவ்வளவு லேசாகச் சொல்லக்கூடியதைச் சர்க்குலரில் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள்.

போகும்போது என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். இருபத்து நாலு மணித்தியாலத்தில் எழுபத்தைந்து பெய்தால் கவனி. நூறு பெய்தால் தயாராகு. நூற்றைம்பது பெய்தால் ஆட்களை வெளியேற்று. புத்தகப் பக்கங்களைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

இரண்டு கிழமை கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"மிஸ், பொஸ்தகத்துல ஒரு சின்ன சந்தேகம். பெரிய மழ நாளையெல்லாம் எண்ணிப் பாத்தேன். செவ்வாயிலருந்து சனி வரைக்கும் இருக்கு. ஞாயிறு, திங்கள்ல மட்டும் பெரிய மழயே இல்லையே?"

சிரித்துச் சமாளித்தேன். "ஞாயித்துக்கெழம ஆண்டவருக்கே ரெஸ்ட்தானே தம்பி."

அவரும் சிரித்தார். "திங்கக்கெழமயுமா மிஸ்?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஏழு கிளாஸ்

அடுத்த நவம்பரில் ஒரு திங்கட்கிழமை. எனக்கு ஓய்வுக்கு மூன்று மாதம் இருந்தது.

சனிக்கிழமை மழை இல்லை. ஞாயிறும் நல்ல வெயில். பூசை முடிந்து வந்து துணி துவைத்துக் காயப்போட்டு, நாலரைக்கு மொறுமொறுவென்று எடுத்து மடித்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் மழை பிடித்தது. விடியும் வரை விடவில்லை. காலையில் ஆபீசுக்குப் போகிற பாதையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

போத்தல் நிரம்பி வெளித் தகரத்திலும் தண்ணீர் நின்றது. சவரிமுத்து யன்னலுக்கு வெளியே நின்று ஒவ்வொரு கிளாஸாக ஊற்றி எண்ணிச் சொன்னார். ஆறு தடவை நிறைய. ஏழாவது தடவை பதினெட்டு. மொத்தம் நூற்று அறுபத்தெட்டு. நான் பேனாவை எடுத்தேன். ஞாயிறு எண்பத்தாறு, திங்கள் எண்பத்திரண்டு என்று எழுதினேன்.

உடனே பெரிய துரை பங்களாவிலிருந்து போன் எடுத்தார். இவர் புதியவர். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், எங்கள் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"மிஸ், மழ எவ்வளவு?"

"எண்பத்திரெண்டு சேர்."

"அப்ப பரவால்ல. காலைப் பெரட்டுல பேர் எடுத்து எல்லாரையும் மலைக்கு அனுப்பச் சொல்லுங்க. ஏழாம் நம்பர்ல ஒரு கண்ணு வச்சுக்கங்க."

போனை வைத்தேன். எதிர்ச் சுவரில் தாள் இருந்தது. சவரிமுத்து இன்னும் யன்னலுக்கு வெளியே கிளாஸோடு நின்றார்.

"மிஸ்" என்றார். "நான் ஏழு கிளாஸ் ஊத்தினேனே?"

ஞாயிறு முழுக்க என் துணி வெயிலில் காய்ந்ததை என் கண்ணாலே பார்த்திருந்தேன். அந்த நூற்று அறுபத்தெட்டும் ஒரே நாளில் பெய்தது. அது தெரிந்திருந்தும் பாதியாக எழுதினேன், பாதியைத் துரைக்கும் சொன்னேன். ஏழாம் நம்பரில் பன்னிரண்டு குடும்பம் இருந்தது.

திரும்பப் போன் எடுத்தேன். துரை நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார். அவர் மோசமான மனிதர் இல்லை. முந்திய மாதம் ஒரு புதன்கிழமை நூற்று நாலு வந்தபோது, தயாராகு என்றுதான் தாள் சொன்னது, அவர் லயத்தையே காலி செய்தார். இரண்டு நாள் எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சோறு ஆக்கிப் போட்டோம். மலை அசையவில்லை. லயத்தில் அவரைக் கேலி பேசினார்கள். மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள்.

"பத்து நிமிசத்துக்கு முன்ன எண்பத்திரெண்டு. இப்ப நூத்தி அறுபத்தெட்டு. எத நம்புறது மிஸ்?" புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். "இத்தன வருசத்துல நூத்தைம்பது தாண்டின நாள் ஒண்ணு காட்டுங்க. ஒண்ணு காட்டுங்க பாப்பம். மழ கேஜ்ல கான் வாய்க்காத் தண்ணி கீது பூந்திருக்கும்."

"பூரல சேர்."

"அந்த மலை முன்ன சரிஞ்சுதே, பதினொரு வருசத்துக்கு முந்தி. அந்த விசாரணை ஃபைல நான் படிச்சிருக்கேன். அன்னைக்கே தொண்ணூத்தி மூணுதான் மழ. அதுவும் மழயால இல்ல, அந்தோணின்னு ஒரு ஆளு மரக்கறித் தோட்டம் போட மலையடிக் கரைய வெட்டினதால." பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டி அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "இந்தா. தொண்ணூத்தி மூணு."

விரலுக்குப் பக்கத்தில் கிழமை இருந்தது. திங்கள். அதற்கு மேல் கட்டத்தில் ஞாயிறு, தொண்ணூற்று நாலு. இரண்டும் என் கையெழுத்து.

அந்தோணியை எனக்குத் தெரியும். கோயிலில் தேர் தூக்குகிறவர்களில் ஒருவர். சரிந்த மண்ணுக்குள்ளிருந்து அவர் உடலை எடுத்தபோது கையில் மண்வெட்டி இருந்தது. மழை அவ்வளவு இல்லை, கையில் மண்வெட்டி இருக்கிறது, லயத்துக்குப் பின்னால் நாலு வரிசை லீக்ஸ் நட்டிருக்கிறார். விசாரணைக்கு வந்தவர்கள் கணக்கை முடித்துக்கொண்டார்கள். பதினொரு வருஷத்தில் அந்தத் தொண்ணூற்று மூன்றையும் அந்தோணியையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

"சேர், அது பாதி" என்றேன்.

"என்ன பாதி?"

"அந்த ஞாயித்துக்கெழம மாதா திருநாள். தேர் ஒரு சொட்டு நனையாம சுத்தி வந்துச்சு. மழ பிடிச்சதே தேர் உள்ள போனதுக்கு அப்புறந்தான். நூத்தி எண்பத்தேழும் ஒரே நாள் மழ. நான்தான் ரெண்டாப் பிரிச்சு எழுதினேன். எல்லா ஞாயிறும் அப்படித்தான் சேர். இந்தப் பொஸ்தகத்துல நூத்தைம்பது இல்லாம இருக்கலாம். இந்தத் தோட்டத்துல பெஞ்சிருக்கு."

துரை பழைய புத்தகத்தை மூடினார். "மூணு மாசத்துல வீட்டுக்குப் போகப் போறீங்க. நீங்க சொல்றது என்னான்னு விளங்கித்தான் சொல்றீங்களா?"

"விளங்குது சேர்."

அவர் தொப்பியை எடுத்தார். "நான் ட்ரக்டர் அனுப்புறேன். லயத்துல நீங்க போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா, போன மாசம் மாதிரின்னு சிரிப்பாங்க."

ஏழாம் நம்பர்

சிரிக்கத்தான் செய்தார்கள். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனவர்களைத் திருப்பி அனுப்பியிருந்ததால் லயத்து வாசலில் எல்லோரும் இருந்தார்கள். தூறல் விட்டிருந்தது. மலை நன்றாகக் குளித்துவிட்டு நிற்கிறது போல் பச்சையாக இருந்தது.

"போன மாசமும் இப்படித்தான் கெளப்பினீங்க கிளாக்கரம்மா. பள்ளிக்கூடத்துத் தரையில படுத்து எனக்கு இன்னும் இடுப்பு நிமிரல" என்றாள் ஒருத்தி.

லயத்தில் மூத்தவர் பெரியசாமி. வேலையிலிருந்து நின்று பல வருஷம். அவர் நிதானமாகப் பேசினார். "நாங்க என்ன கரையவா வெட்டினோம்? அந்தோணி வெட்டினான், சரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் இந்தப் பொறத்தால ஒரு மொளகாச் செடி நட விட்டிருக்கோமா? நாங்க மண்ணத் தொடல. மலை எங்களத் தொடாது."

நான் எழுதிய பாதி மழைதான் அவர்களை அங்கே உட்கார்த்தி வைத்திருந்தது. மண்ணை வெட்டினால் மலை வரும், வெட்டாவிட்டால் வராது. அதை அவர்கள் நம்பியதில் தப்பில்லை. ஃபைலிலேயே அப்படித்தான் இருந்தது.

நாலாவது வீட்டு வாசலில் அந்தோணியின் மனைவி லூர்தம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று நான் எண்ணிக்கொண்டு வரவில்லை. ஆனால் வேறு வழி இல்லை.

"பெரியசாமி அண்ண, அன்னைக்குப் பெஞ்ச மழ தொண்ணூத்தி மூணு இல்ல. நூத்தி எண்பத்தேழு. நான் பாதியா எழுதிட்டேன். அவ்வளவு மழைக்கு யாரும் வெட்டாட்டியும் சரியும். நேத்தும் அதே மாதிரி பெஞ்சிருக்கு. அதுக்குத்தான் வந்தேன்."

பெரியசாமி நாலாவது வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

லூர்தம்மா என்னைப் பார்த்தாள். "கான்ல தண்ணி அடச்சுக்கிட்டு நிக்குது, எடுத்து விட்டுட்டு வாறேன்னுதான் மம்பட்டியத் தூக்கிட்டுப் போனாரு" என்றாள். "விசாரணைக்கு வந்தவங்ககிட்டச் சொன்னேன். யாரும் எழுதல."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். ஒரு பையும், மாதா படமும், ஒரு கம்பளியும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். யாரையும் பார்க்காமல் பள்ளிக்கூடப் பக்கம் இறங்கி நடந்தாள். பெரியசாமி அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பானைய எடு" என்று தன் மருமகளிடம் சொன்னார். அதற்குப் பிறகு யாருக்கும் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினொன்றரைக்கு லயம் காலி. ட்ரக்டர் இரண்டு நடை போனது.

ஒன்றேகாலுக்கு மலை வந்தது. அப்போது பள்ளிக்கூடத்தில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. பெரிய லொறியில் கல்லைக் கொட்டுகிற சத்தம் மாதிரிதான் கேட்டது, ஆனால் நிற்காமல் கேட்டது. எல்லோரும் வெளியே ஓடிப் பார்த்தோம். ஏழாம் நம்பரில் இரண்டு வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. நாலாவது வீடு எந்த இடம் என்று கூடச் சொல்ல முடியவில்லை. துரை ஆட்களை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். அவர் பள்ளிக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

ஒரு தாள், ஒரு கையெழுத்து

மூன்றாம் நாள் ரமேஷ் வந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டையும் கூட்டினா மொத்தம் வரும் மிஸ். ஆனா எந்த நாள்ல எவ்வளவுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. ஞாயிறு, திங்கள எடுத்து வச்சிட்டுத்தான் மத்த நாள எண்ணணும்" என்றார். ஒரு கிழமையில் இரண்டு நாள். முப்பது வருஷத்துக்கு. எனக்கு நினைவிருந்த இரண்டு நாளை மட்டும் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். மீதியைத் திருத்தினால் அதுவும் ஊகம்தான்.

மேலிடத்துக்கு நானே எழுதினேன். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். மிச்சமிருந்த மூன்று மாதமும் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதி, திங்களில் "இரண்டு நாள் மழை" என்று குறித்தேன். எனக்குப் பிறகு வந்த கிளார்க்குக்கும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். கடிதம் வரும். வரட்டும்.

நான் சொல்ல வந்தது அதோடு முடியவில்லை. ரமேஷ் போன அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு உடுப்புக் கொடுக்கப் போயிருந்தேன். லூர்தம்மா என்னிடம் வந்தாள். மூன்று நாளில் அவள் என்னோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

"எழுதிக் குடுங்க" என்றாள்.

"என்ன லூர்தம்மா?"

"அன்னைக்கு எவ்வளவு மழன்னு. தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவரு கரைய வெட்டலன்னும் எழுதுங்க."

"அவரு வெட்டலங்கிறத நான் பாக்கல லூர்தம்மா. பாக்காதத எழுதித்தான் இவ்வளவும் ஆச்சு. மழய எழுதலாம். அன்னைக்கு நானும் வாச்சருந்தான் அளந்தோம்."

அவள் யோசித்தாள். "சரி. மழய எழுதுங்க. அது போதும்."

"எல்லாருக்கும் முன்னாலதான் சொல்லிட்டேனே. தாள் எதுக்கு?"

"நான் கூடத்தான் பதினொரு வருசமாச் சொன்னேன்" என்றாள். "சொன்னத யாரு நம்பினா? நீங்க எழுதினதத்தானே நம்பினாங்க."

ஒரு கொப்பியில் தாள் கிழித்து, திகதி போட்டு, அன்றைக்குப் பெய்த மழை நூற்று எண்பத்தேழு மில்லிமீட்டர், புத்தகத்தில் நான் எழுதியது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எந்த இடத்தில் மழை இருக்கிறது என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன்.

தாளை எடுத்துக்கொண்டு கூடத்தின் மறு மூலைக்குப் போனாள். அங்கே பெரியசாமி பாயில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி லயத்து ஆட்கள் பாதிப் பேர் இருந்தார்கள். தாளை அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"படிங்க மாமா. சத்தமா."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கையெழுத்து வரைக்கும் படித்து முடித்துவிட்டுத் தாளை மடிக்கப் போனார்.

"மடிக்காதீங்க" என்றாள் லூர்தம்மா. "இன்னொரு தடவ படிங்க."